பன்னிரண்டாம் பாடத்தில் இறந்த மனைவி

வரதனின் மனைவி இறந்துபோன செய்தி, பெண் வீட்டார் அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது.

இதில் ஒரு சிக்கல். வரதனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

வயது முப்பத்திரண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். கொரட்டூரில் அம்மா பொன்னம்மாளுடன் வாடகை வீடு. ஏழு இடம் தட்டிப்போய் எட்டாவதாக வந்தது இந்த ஆவடி வரன். பெண் பெயர் தாட்சாயிணி. போட்டோ கைக்கு வந்த நாளிலிருந்து அது அவன் சட்டைப் பையைவிட்டு இறங்கவில்லை. இந்தப் பெண் இல்லையென்றால் இனி பெண் பார்க்கிற பேச்சே வேண்டாம் என்று அம்மாவிடம் அடித்துச் சொல்லிவிட்டான்.

தரகர் துலுக்கானமும் அளவுக்கு மீறி உற்சாகமாக இருந்தார். "நான் தேடிப் புடிச்ச எடம் இல்ல நைனா, தானா வந்த எடம். பொண்ணு எம்.ஏ. படிச்சிகீது. சும்மா குந்திகினு இருக்கறது இல்ல, ஊட்டுலயே ஏதோ பேப்பர் திருத்துது" என்றார்.

பெண்ணின் அப்பா வேலுசாமி, ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவர். தொழிற்சாலையில் சார்ஜ்மேன். எதையும் அளந்து பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி லோகநாயகியுடன் வந்து, வீட்டை அளந்தார், மாப்பிள்ளையை அளந்தார், இரண்டும் தேறின. இரண்டாவது கரண்டி கேசரியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் மாடி வீட்டுப் பூங்காவனம் ஒரு தபால் கார்டோடு உள்ளே வந்தாள். பழைய நம்பர், புது நம்பர் குழப்பத்தில் அது இரண்டு மாதம் ஊர் சுற்றி, அடுத்த தெருவில் யார் வீட்டிலோ கிடந்ததாம். கதவருகே உட்கார்ந்திருந்த வேலுசாமி கை நீட்டி வாங்கினார். ஆங்கிலத்தில் டைப் அடித்த கார்டு. தமக்கு ஆங்கிலம் தெரியும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று உரக்கப் படித்து, லோகநாயகிக்காகத் தமிழிலும் சொன்னார்.

"அன்புள்ள வரதன், உங்கள் மனைவி காலமான செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறேன். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பதிமூன்றாம் பாடத்தை அவசரமில்லாமல் அனுப்பினால் போதும். இப்படிக்கு, மதிப்பீட்டாளர் எண் பதினான்கு."

கேசரிக் கரண்டியோடு வந்த பொன்னம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

வரதன் கலங்கவில்லை. விஷயம் அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. ஸ்டோர்ஸில் சூப்பர்வைசர் வேலை காலியாகப் போகிறது, ஆங்கிலம் பேசுகிறவனுக்குத்தான் அது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதற்காக வரதன் தபால் மூலம் ஆங்கிலம் கற்றான். பதிமூன்று பாடம், முழுக்க முழுக்க பிரேசல் வெர்ப். ஒரு வினைச்சொல்லின் வாலில் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டவைத்து அர்த்தத்தையே மாற்றிவிடுகிற ஆங்கிலேயர் வேலை அது. கெட் என்றால் பெறுவது. அதோடு ஓர் அப் சேர்த்தால் படுக்கையைவிட்டு எழுவது. பாடத்துக்குப் பத்து. ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில், அன்றாட வீட்டு வாழ்க்கையிலிருந்து எழுதி அனுப்ப வேண்டும்.

இரண்டாம் பாடத்திலேயே வரதன் ஒன்றைக் கண்டுகொண்டான். மனைவி இல்லாதவன் பிரேசல் வெர்ப் எழுத முடியாது. சண்டை போடுவது, சமாதானம் ஆவது, சர்க்கரை தீர்ந்துபோவது, பொறுத்துப்போவது எல்லாவற்றுக்கும் ஒரு மனைவி தேவை. ஆகவே ஒருத்தியை வைத்துக்கொண்டான். பன்னிரண்டாம் பாடத்தில் 'பாஸ் அவே' வந்தது. காலமாவது என்று அர்த்தம். அம்மாவைச் சாகடிக்க மனம் வரவில்லை. மனைவியைச் சாகடித்தான்.

இதையெல்லாம் அவன் நிதானமாகவே எடுத்துச் சொன்னான். "அவ செத்தது பாடத்துலதாங்க. நெசத்துல அவ இல்லவே இல்ல."

"நெசத்துல இல்லன்னுதானே கார்டுலயும் போட்டிருக்கு" என்றார் வேலுசாமி.

பூங்காவனம் இதற்குள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். "இன்னா நைனா, கண்ணாலம் கட்டிகினதயே எங்களாண்ட சொல்லலியே. அந்தப் பொண்ணு மொகத்தக்கூட நான் பாக்கலியே" என்று ஆரம்பித்தவள், பதிலுக்குக் காத்திராமல் தெருவுக்குப் போனாள். வேலுசாமி செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கியபோது எதிரே ஆறு பெண்கள் துக்கம் விசாரிக்க வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றவர்கள், குடங்களோடு.

வேறொருவனாக இருந்தால் இதோடு விட்டிருப்பான். வரதனுக்குத் தன் ஆங்கிலத்தின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. பாடம் எழுதிப் பார்த்த நோட்டை வேலுசாமியின் கண்முன் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆவடிக்கு ரயிலேறினான். திருத்திய தாள்களைப் பாடம் நடத்தும் நிறுவனமே வைத்துக்கொள்ளும், மதிப்பெண் மட்டும் கார்டில் வரும். அதனால் கையில் இருந்தது அந்த நோட்டு ஒன்றுதான்.

வேலுசாமி அவனை உள்ளே விட்டதே பெரிய காரியம். உட்காரச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு காதுல நான் எதையும் போடல. எடம் சரியில்லன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன். மெதுவாப் பேசுங்க."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். நூற்று முப்பது வாக்கியத்தில் தொண்ணூற்றில் மனைவி இருந்தாள். நான்காம் பாடத்தில் அவளுக்கும் மாமியாருக்கும் மனஸ்தாபம் வந்தது. ஐந்தாம் பாடத்தில் கோபித்துக்கொண்டு ஓடிப்போனாள். ஆறில் வரதன் அவளைப் பட்டாபிராம் வரை தேடிப்போய் அழைத்துவந்தான். ஒன்பதில் அவள் காய்ச்சலில் படுத்தாள். வரதன் மூன்று நாள் கம்பெனிக்குப் போகாமல் கூடவே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தான். பத்தில், அவள் இல்லாமல் தன்னால் ஒருநாளும் இருக்க முடியாது என்றான்.

லோகநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லாத பொண்டாட்டிக்கு யாராச்சும் கஞ்சி வைப்பாங்களா?" என்று கேட்டார் வேலுசாமி. அவர் குரலே கொஞ்சம் இறங்கியிருந்தது. "நல்லவராத்தான் இருந்திருக்கீங்க. நான் இல்லங்கல. ஆனா ரெண்டாந்தாரமா எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்."

வரதன் லேசாகச் சிரித்தான். துருப்புச் சீட்டு அவனிடம் இருந்தது. நோட்டைத் திருப்பி, கடைசிப் பாடத்தில் விரலை வைத்தான். பத்துக்குப் பத்து வாங்கிய ஒரே பாடம் அது. முதல் வாக்கியம் 'வேக் அப்'. என் மனைவி தினமும் அதிகாலை ஐந்து மணிக்கு விழித்து எழுந்து எனக்குக் காபி போட்டுத் தருகிறாள்.

"பன்னெண்டுல செத்தவ பதிமூணுல எழுந்து காபி போடறா பாருங்க. நெசப் பொண்டாட்டியா இருந்தா முடியுமா?"

வேலுசாமி அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்தார். பன்னிரண்டாம் பாடத்தின் தேதியைப் பார்த்தார். பதிமூன்றாம் பாடத்தின் தேதியைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

"ஒரு வாரத்துல இன்னொருத்தியக் கட்டிட்டீங்களா?"

லோகநாயகி துடைத்த கண்ணோடு அவனை முறைத்தாள். கஞ்சி வைத்துச் சேர்த்த நல்ல பெயர் காபியில் போயிற்று.

"இப்ப காபி போடற அந்தம்மா எங்க?" என்றார் வேலுசாமி. "நேத்து நாங்க வந்தப்ப எங்க அனுப்பி வெச்சீங்க?"

வரதனுக்கு முதல்முறையாக வேர்த்தது. அம்மாமேல் சத்தியம் செய்தான். ரேஷன் கார்டைக் காட்டுவதாகச் சொன்னான். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கத் தன் அண்ணனுக்கே இரண்டு வருஷம் ஆனதாக வேலுசாமி சொன்னார். கடைசியாக வரதன் தன் பெரிய சாட்சியை இழுத்தான்.

"அந்த மதிப்பீட்டாளர் பதினாலையே கூட்டிட்டு வரேங்க. என் பாடம் பூராவும் திருத்தினவரு. பெரிய படிப்பு படிச்சவரா இருப்பாரு. அவரு வந்து சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"உங்க பொண்டாட்டி செத்ததுக்கு அனுதாபம் எழுதினவரே அவருதானேப்பா" என்றார் வேலுசாமி. "பெரிய படிப்பு படிச்ச அவரே நம்பிட்டாரு. நான் வெறும் சார்ஜ்மேன்."

வரதன் சட்டைப் பையிலிருந்து போட்டோவை எடுத்தான். ஒருமுறை பார்த்துக்கொண்டு, மேஜையில் நோட்டின் மேல் வைத்துவிட்டு எழுந்தான்.

சமையற்கட்டின் திரை விலகியது. தாட்சாயிணி ஒரு டம்ளர் காபியோடு வந்தாள். போட்டோவைத் தள்ளி வைத்துவிட்டு, நோட்டை எடுத்து இரண்டு பக்கம் புரட்டினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. டம்ளரை வரதன் பக்கமாக நகர்த்திவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

"பதினாலாம் நம்பர் நான்தாம்பா. ஒரு வாரம் நம்பி அழுதேன், பதிமூணாம் பாடத்துல அந்தம்மா எழுந்து காபி போட்ட அன்னிக்குத்தான் துலுக்கானத்தக் கூப்பிட்டு இவரு விலாசத்தக் குடுத்தேன்."