கறுப்புக்காய்க்கு மந்திரித்த கயிறு

காஞ்சிபுரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை பெருமாளைச் சேவிக்க நின்ற கூட்டத்தைவிட மயில்வாகனத்தைப் பார்க்க நின்ற கூட்டம் பெரிது. கல்யாண மண்டபத்துக்குள் மாவட்ட செஸ் போட்டி. வாசலில் ‘சதுரங்கச் சித்தர்’ மயில்வாகனம். கறுப்புக்காய் சனீஸ்வரனுடையது, கறுப்பில் ஆடினால் தோல்விதான், தான் மந்திரித்த கயிறு ஒன்றே காப்பு என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வெள்ளையில் ஆடுபவர்களுக்கும் கயிறு கொடுத்தார். கண்ணேறு கழிய.

ஆட்டத்துக்கு ஒருவர் ஜெயித்துத்தானே தீரவேண்டும்? ஜெயித்த பிள்ளையைப் பெற்றவர்கள் ஓடிவந்து அவர் காலில் விழுந்தார்கள். தோற்றவர்கள் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. டிரா ஆனால் பாதிப் பலன்.

பட்டுச்சேலைக் கடையில் வேலை பார்க்கும் கிருஷ்ணவேணியும் வரிசையில் நின்று ஒரு கயிறு வாங்கிவந்தாள். மகள் சந்தியாவுக்குக் கடைசிச் சுற்றில் கறுப்பு. ஜெயித்தால் மாநிலப் போட்டி.

“எனக்காகக் கட்டிக்கோமா.”

“வேணாம்மா. ஆறு மாசமா கறுப்புல ஆடுறதுக்குன்னே கிளாசிக்கல் டிபென்ஸ் படிச்சிக்கினு இருக்குறேன். ஜெயிச்சா அந்தாளு பேரைச் சொல்லுவீங்க.”

சுருக்கென்றது. கயிற்றைக் கைப்பைக்குள் போட்டு, ஜன்னலோரம் நின்று, கிருஷ்ணவேணி எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள்.

எதிரே தேவேந்திரன், வெள்ளைக்காய், மணிக்கட்டில் இரண்டு கயிறு. பாய்ந்து பாய்ந்து தாக்கினான். சந்தியா பிஷப்பை முதலிலேயே வெளியே எடுத்து, கோட்டை கட்டி, பொறுமையாக அடி வாங்கி, பிறகு திருப்பிக் கொடுத்தாள். முப்பத்தெட்டாவது நகர்த்தலில் தேவேந்திரன் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தான்.

அவள் வெளியே வருவதற்குள் மயில்வாகனம் மைக்கைப் பிடித்துவிட்டார். “பாத்தீங்களாபா? கறுப்பு ஜெயிச்சிடுச்சி! இந்தம்மா வாங்கின கயிறு!”

கூட்டம் கிருஷ்ணவேணியைக் கும்பிட்டது. மகளின் முகம் வாடியதை அவள் பார்த்தாள். பையைத் திறந்தாள்.

“கயிறு இங்கதான் இருக்குது சாமி. அவ கட்டவேயில்ல.”

“பையில இருந்தாலும் பலிக்கும்மா!”

தலைகள் ஆடின. எதற்கும் ஆடுகிற தலைகள்.

கிருஷ்ணவேணி மைக்கை வாங்கினாள். “இன்னிக்கி ஒரு ஆட்டமாவது தோத்த பசங்க கையைத் தூக்குங்கபா. எத்தினி கையில கயிறு இருக்குதுன்னு பாக்கலாம்.”

தேவேந்திரன் முதலில் தூக்கினான். பிறகு அங்கொன்று, இங்கொன்று, அப்புறம் வாசல் முழுக்க. எல்லாக் கையிலும் கயிறு.

“நம்பிக்கை கம்மி...” என்று முனகினார் சித்தர்.

“ரெண்டு கயிறு கட்டினேன்யா! இன்னும் எவ்ளோ நம்பணும்?” என்று கத்தினார் தேவேந்திரனின் அப்பா.

ஓரிக்கை பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் சித்தர் தொற்றிக்கொண்டார். எந்த நிறக் காயையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நகர்த்தலுக்கு அப்பால் யோசிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்களே, நீங்கள் ஒரே ஒரு நகர்த்தலாவது யோசிக்கக் கூடாதா?