பால் பொங்கியது எதிர்வீட்டில்

என் மனைவியின் சமையலறையை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இடித்தவன் நான். கோபத்தில் இடிக்கவில்லை. முறைப்படி அனுமதி வாங்கி, ஆள் வைத்து, பக்கத்தில் நின்று பெருமையாகப் படம் பிடித்துக்கொண்டே இடித்தேன். (போதையில் செய்திருந்தாலாவது யாராவது மன்னித்திருப்பார்கள். நான் அன்று குடித்தது வெறும் தே-ஓ, பாலில்லாத டீ.)

செல்விக்கும் எனக்கும் கல்யாணமாகிப் பதினாறு வருடங்கள் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் என் அண்ணன் வீட்டில்தான் வாசம். அடுப்பு அண்ணியுடையது. அண்ணி நல்லவர். ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் போனால் எல்லைச் சாவடி அதிகாரியாக மாறிவிடுவார். ஏன் வந்தாய், எவ்வளவு நேரம் இருப்பாய், கையில் என்ன? செல்வி மீன் வறுக்க வேண்டுமென்றால் அண்ணி வெளியே போகும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். அண்ணி வெளியே போவதோ கோயிலுக்கு மட்டும். கோயிலுக்குப் போகும் நாளில் வீட்டில் மீன் கூடாது. இந்தச் சட்டத்தில் எங்கே ஓட்டை என்று செல்வி பதினாறு வருடம் தேடிப் பார்த்தாள்.

கடைசியில் பூன் லேயில் பழைய வீடொன்று வாங்கினோம். சாவி கைக்கு வந்த அன்று செல்வி ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள்.

“ஏங்க, ஹாலு, ரூமு எல்லாம் உங்க இஷ்டம். எனக்கு ரெண்டு கேஸ் அடுப்பு, சாத்திக்கிறதுக்கு ஒரு கதவு. உள்ள நின்னு நான் என்ன வறுத்தாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்கக் கூடாது. அவ்ளோதான்.”

அடுத்த வாரமே கும்பகோணத்தில் அவள் அப்பா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அவள் ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கும்படி ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில்தான் என் அறிவு வேலை செய்தது.

உள் அலங்கார வடிவமைப்பாளர் என்று ஒரு இளைஞர் வந்தார். கணுக்கால் தெரியும் கால்சட்டை, கையில் ஐபேட். சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டார்.

“அங்கிள், வாரத்துக்கு எத்தனை தடவ குக் பண்ணுவீங்க?”

“நானா? குக் பண்ணதே இல்லயே.”

“தென் வொய் திஸ் வால், அங்கிள்? இப்பல்லாம் லைஃப்ஸ்டைலே வேற லா. எல்லாரும் வேலைக்குப் போறாங்க, ஃபோன்லயே ஆர்டர் பண்ணிடுறாங்க. ஓப்பன் கான்செப்ட் பண்ணிடலாம். நடுவுல மேடை மாதிரி ஒரு ஐலண்ட். கேஸ் வேணாம், இண்டக்‌ஷன் போதும்.”

கேள்வியில் தப்பில்லை. கேட்ட ஆள்தான் தப்பு. முட்டை அவிக்கத் தெரியாதவனிடம் போய்ச் சமையலறையைப் பற்றிக் கேட்டால் அவன் வேறென்ன சொல்வான்? அந்த இரண்டு மாதமும் பொழுதெல்லாம் புது வீட்டிலேயே நின்று, கைப்பேசியில் அழுத்தி வரவழைத்த பொட்டலங்களைத் தின்று கொண்டிருந்த நான், உலகமே இப்படித்தான் வாழ்கிறது என்று மனப்பூர்வமாக நம்பினேன். சுவர் விழுந்தது. கேஸ் குழாய்க்கு மூடி விழுந்தது. கறுப்புக் கண்ணாடி அடுப்பும் மைக்ரோவேவும் பதித்த வெள்ளைக்கல் மேடை கூடத்தின் நடுவே கப்பல்போல் வந்து நின்றது. செல்வியிடம் மூச்சு விடவில்லை. ‘சர்ப்ரைஸ்’ என்பது என் கட்சி.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் அவள் வந்து இறங்கினாள். அப்பா படுக்கையில் இருந்தபடியே ஆள் அனுப்பி வாங்கிக் கொடுத்த பித்தளைப் பானையை விமானம் முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். “முதப் பால் இதுலதான் காய்ச்சணும்னு அப்பா சொல்லிட்டாரு” என்றாள். வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். காலையில் பார்க்கலாம் என்று கண்ணடித்தேன். (அந்தக் கண்ணைத்தான் முதலில் குத்தியிருக்க வேண்டும்.)

காலை ஆறரை மணி. ஐயர், அண்ணன், அண்ணி, முப்பது உறவினர். செல்வி பட்டுப்புடவையில் பானையோடு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

“கதவு எங்க?”

“கதவே இல்லயே! எப்பூடி?” என்று கைகளை விரித்தேன்.

“அடுப்பு?”

“உன் முன்னாடிதான் இருக்கு!”

அவள் குனிந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது. அண்ணி எட்டிப் பார்த்து, “தம்பி, இது அடுப்பா, டிவியா?” என்றார்.

நானே பானையை வாங்கி வைத்து, பாலை ஊற்றி, பொத்தானைத் தொட்டேன். அடுப்பு மூன்று முறை ‘பீப்’ என்றது. அணைந்தது. மறுபடி தொட்டேன். மறுபடி மூன்று ‘பீப்’. இப்படி எட்டு முறை. பிறகுதான் அண்ணன் நிதானமாகச் சொன்னார்: “டேய், இதுக்குக் காந்தம் ஒட்டுற பாத்திரம் வேணும்டா. பித்தளைல சூடு ஏறாது.”

வீட்டுச் சாமான் லாரி மதியம்தான் வரும். அந்த வீட்டில் அப்போது இருந்தவை உப்பு, மஞ்சள், சாமி படம், ஒரு கிளாஸ், பித்தளைப் பானை, நான்.

“நல்ல நேரம் முடிய இன்னும் பன்னண்டு நிமிஷம்தான், சார்” என்றார் ஐயர்.

“சாமி, கிளாஸ்ல ஊத்தி மைக்ரோவேவ்ல வச்சா ஒத்துக்குமா?”

ஐயர் மந்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

இந்த ‘பீப்’ சத்தமெல்லாம் கேட்டு எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் ரொக்கியா, வாசலுக்கு வந்தார். பானையைப் பார்த்தார், செல்வியின் முகத்தைப் பார்த்தார். “மாசாக் சினி லா” என்றார். (இங்கே வந்து சமைத்துக்கொள் என்று அர்த்தம்.)

செல்வி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு நடைவழியைக் கடந்தாள். முப்பது பேரும் பின்னால் போனார்கள். சாமி படத்துக்குத் துணையாக நான் மட்டும் என் வெள்ளைக்கல் மேடையில் சாய்ந்து நின்றேன். மக்சிக் வீட்டில் நாலு பக்கமும் சுவர் வைத்த, கதவு வைத்த, எண்ணெய்ப் பிசுக்கேறிய சமையலறை. இரண்டு கேஸ் அடுப்பு. அங்கிருந்து “பொங்கிருச்சு, பொங்கிருச்சு!” என்ற கூச்சல் வந்தது. பதினாறு வருடம் காத்திருந்தவள், தன் வீட்டு முதல் பாலை இன்னொருத்தி அடுப்பில் காய்ச்சினாள்.

அதற்குப் பிறகு மக்சிக்கின் மகனுக்குப் பதவி உயர்வு வந்தது. மகளுக்குக் கல்யாணம் கூடியது. மக்சிக்கின் முட்டி வலிகூடப் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் அண்ணி, “பின்ன? பால் அங்கதானே பொங்குச்சு!” என்பார். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போனால் எனக்கு அறிமுகமே இல்லாதவர்கள்கூட, “பால் பொங்குன வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் நீங்கதானே?” என்று கேட்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

செல்வி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். வேலை முடிந்து வந்ததும் கழுவிய மீனைச் சட்டியில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறாள். கதவு சாத்தப்படும். வறுபடும் சத்தமும் இரண்டு பெண்களின் சிரிப்பும் கேட்கும். என்ன சிரிப்பு என்று கேட்க எனக்கு உரிமையில்லை. நான் உயரமான நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பொட்டலம் பிரிப்பேன். எங்கள் சமையலறை இன்னும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. அந்த வடிவமைப்பாளர் போன மாதம்கூட வந்து விளம்பரத்துக்குப் படம் எடுத்துப் போனார். “யூ மெயின்டெயின் வெரி வெல், அங்கிள்” என்றார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எப்படியோ துணிச்சல் வந்தது. செல்வி மீன் சட்டியோடு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“செல்வி, அந்தச் சுவரத் திரும்பக் கட்டிடலாமா? கதவு போட்டு, கேஸும் இழுத்துடலாம்.”

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

“யாருக்கு?”