மாப்பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை

மேசை நாற்காலி செய்து விற்கும் ஒரு கம்பெனியில், நிர்வாக மேம்பாட்டை முன்னிட்டு, ஒரு மாப்பிள்ளை பார்த்து முடித்தார்கள். மனுஷ மாப்பிள்ளை இல்லை. கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் ஏஐ. வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது, சரக்கு அனுப்புவது, சம்பளம் போடுவது எல்லாம் இனி அவர் பொறுப்பு. கொட்டிக் கொடுத்து வாங்கி, ஏசி அறையில் வைத்து, அவர் மனம் கோணாமல் ஆளாளுக்குக் கைகட்டி நின்றதால் அந்தப் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளைக்குக் கை கால் கிடையாது. கம்பெனி மென்பொருளில் இருக்கிற கருவிகளை வைத்துத்தான் எதையும் செய்வார். எந்தக் கருவி என்ன செய்யும், எப்போது எடுக்கணும் என்று பக்கத்தில் எழுதிவைத்தால் படித்துப் பார்த்து எடுப்பார். எழுதியதை அப்படியே நம்புவார். அந்த ஒரு குணத்தில் அவர் நிஜ மாப்பிள்ளைகளைவிட எவ்வளவோ மேல்.

எழுதும் வேலை விளக்க எழுத்தராக இருந்த ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. பாவம், வருஷக்கணக்கில் தற்காலிக ஊழியர். வீட்டுக்காரரின் கடை நொடித்துப் போனதிலிருந்து இவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது. அதனால் மாமியார் தினமும் போன் போட்டு, வேலை நிரந்தரம் ஆயிடுச்சா என்று கேட்பதில் தப்பே கிடையாது. இந்த விளக்கங்களை நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் நிரந்தரம் என்று இயக்குநர் வாயைத் திறந்து சொல்லியிருந்தார்.

அவளும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். 'இது ஆர்டரை ரத்து செய்யும். வாடிக்கையாளர் தானாகக் கேட்டால் மட்டும் எடுக்கவும்.' 'இது ஊழியரை வேலையிலிருந்து நீக்கும். நீக்கினால் திரும்பச் சேர்க்க முடியாது. இயக்குநரிடம் கேட்காமல் தொடாதே.' பச்சைக் குழந்தைக்கும் புரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் ஒரு பயிலரங்குக்குப் போய்விட்டு வந்திருந்தார். அங்கே 'நேர்மறை மொழி' என்று ஒன்றைக் கற்றுக்கொடுத்து, ஒரு சான்றிதழும் ஒரு பையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அலுவலகத்தில் 'முடியாது', 'இல்லை', 'ரத்து' ஆகிய சொற்களுக்குத் தடை. 'லிஃப்ட் பழுது' என்ற அட்டையைக் கழற்றிவிட்டு 'படிகள் உங்களை வரவேற்கின்றன' என்று மாட்டினார்கள். மேற்படி சொற்களைக் களைய நயக்குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. பணிமூப்பு தவிர வேறெந்தக் குற்றமும் செய்தறியாத ஒருவர் அதற்குத் தலைவரானார். அவளையும் அதில் உறுப்பினராக்கினார்கள்.

"ஏம்மா, எல்லாருக்கும் புரியிற மாதிரி எழுதிட்டா அப்புறம் நாம எதுக்கு?" என்றார் தலைவர்.

"மாப்பிள்ளைக்குப் புரியணுமே சார்."

"அவர் பெரிய இடம்மா. அவர்கிட்ட போயி நீக்கு, தொடாதேன்னு பேசலாமா?"

குழு கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. ரத்துக் கருவி, 'வாடிக்கையாளரைக் காத்திருப்பின் சுமையிலிருந்து அன்புடன் விடுவிக்கும் வசதி' ஆயிற்று. நீக்கும் கருவிக்கு இன்னும் மெனக்கெட்டார்கள். 'ஊழியரின் சேவையை நன்றியுடன் நினைவுகூர்ந்து, அவருக்குப் புதிய வானங்களைத் திறந்துவிடும் உயரிய வசதி. தாராளமாக வழங்கலாம்.' கீழே அவளும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கை கூசத்தான் செய்தது. மாமியாரின் குரல் காதில் கேட்டது. போட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை காரியத்தில் இறங்கினார். நாற்காலிக்குக் காத்திருந்து காத்திருந்து இடுப்பே போச்சு என்று யாராவது புலம்பினால் உடனே அன்புடன் விடுவித்தார். விடுபட்டவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். மாதக் கடைசியில் பார்த்தால், ஒரு புகார் கிடையாது. ஆர்டரும்தான் இல்லை. ஆனால் அதைச் சொல்ல 'இல்லை' என்ற சொல் வேண்டும், அதற்குத் தடை இருந்தது.

இயக்குநர் பூரித்துப்போய், நயக்குழுவினரின் சேவைக்கு நன்றியாக ஏதாவது உயரியதாகச் செய்யும்படி மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளை எல்லாக் கருவிகளின் விளக்கத்தையும் படித்தார். சேவை, நன்றி, உயரிய. இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்?

மறுநாள் காலை குழுவினர் வாசலில் அடையாள அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவில்லை. போனில் செய்திதான் வந்தது: 'தங்களுக்குப் புதிய வானங்கள் திறக்கப்பட்டன.' தலைவர் கண் கலங்கி, அதைச் சொந்தபந்தங்களுக்கெல்லாம் அனுப்பினார். அவள்தான் விஷயத்தை உடைத்தாள்.

"சார், நம்மள வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."

தலைவர் செய்தியை மறுபடி படித்தார். "என்னம்மா இது, கொஞ்சம் தெளிவா எழுதியிருக்கக் கூடாதா?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கதவையே பெயர்த்திருப்பாள். அடக்கிக்கொண்டு, 'எங்களைத் தவறாக நீக்கிவிட்டீர்கள், இயக்குநரைக் கூப்பிடுங்கள்' என்று மாப்பிள்ளைக்கு ஒரே வரி தட்டினாள். அனுப்புவதற்குள் தலைவர் போனை வாங்கி அழித்தார். தவறு என்று எழுதினால் யார் மனசாவது புண்படுமாம். நடைபாதையிலேயே குழு கூடியது. வெயில் ஏற ஏற மனு உருவானது: 'திறக்கப்பட்ட வானங்களுக்குப் பணிவான நன்றி. அவை சற்று முன்கூட்டியே திறந்ததாகக் கருதுகிறோம். இந்தப் பேறு இயக்குநர் முதலாக அனைவருக்கும் கிட்ட வேண்டுமென வேண்டுகிறோம்.'

கடைசி வரி எதற்கு என்று அவள் கேட்டாள். மனு என்றால் வாழ்த்தோடு முடிப்பதுதான் முறை என்றார் தலைவர். எல்லாரும் பெயர் போட்டார்கள். பழகிய கை, அவளும் போட்டாள்.

மாப்பிள்ளை படித்தார். வேண்டுகோள் தெளிவாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கணக்குப் பிரிவு, கிடங்கு, காவலாளி என்று ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் கடைசியில் இயக்குநர், பயிலரங்குப் பையோடு. அவர் பின்னால் கதவு சாத்திக்கொண்டது, இனி யாருக்கும் திறக்காதபடி.

"இதை எழுதினது யாரு?" என்றார் இயக்குநர். மொத்தக் கம்பெனியும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. மாமியார்.

"ஏம்மா, நிரந்தரம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு அத்தை," என்றாள் அவள். "எல்லாருக்கும் சேர்த்தே வாங்கிக் குடுத்துட்டேன்."