யானை ஏன் வாசலில் நின்றது?

உங்களை ஒன்று கேட்கிறேன். நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்லுங்கள். 'இது நடக்காத காரியம்' என்று உங்கள் வீட்டில் நீங்கள் கடைசியாக அறிவித்த காரியம் எது? அது உண்மையிலேயே நடக்காததா, அல்லது உங்களுக்கு நாற்காலியை விட்டு எழ மனமில்லையா?

பதிலை உங்களோடு வைத்துக்கொண்டு என் கதையைக் கேளுங்கள். கோபத்தோடுதான் சொல்கிறேன். அந்தக் கோபம் யார் மீது என்பது போகப் போகத் தெரியும்.

நான் ஒரு சரக்குக் கிடங்கின் கண்காணிப்பாளன். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெட்டிகளை நகர்த்தச் சொல்லிப் பிழைப்பவன். நகர்த்துபவன் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். எந்தப் பெட்டி எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று நகர்வுச் சீட்டில் வரிசை எண் இட்டு எழுதுவேன், கையெழுத்துப் போடுவேன், நகர்த்துவது மேஸ்திரியும் அவருடைய ஆட்களும். கிடங்குச் சுவரில் ஆளுயர எழுத்தில் நானே எழுதவைத்த விதி ஒன்று உண்டு: 'கையெழுத்தான சீட்டு அன்றே நிறைவேற வேண்டும்.' மாலை ஐந்து மணிக்கு மேஸ்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குப் பாத்துக்கலாமே சார்" என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறார். நான் பேசாமல் சுவரைக் காட்டுவேன். அதுவும் போதாதென்று சனிக்கிழமைதோறும் முயற்சியின் மேன்மையைப் பற்றிக் கால் மணி நேரம் உரை நிகழ்த்துவேன். எங்கள் ஆட்கள் நின்றபடியே தூங்கக் கற்றது அந்த உரைகளில்தான்.

இனி என் வீட்டுப் பின்னறைக்கு வருவோம்.

என் மனைவி தையல் வேலை செய்பவள். அவளுடைய இயந்திரம் அடுப்புக்கு இரண்டடி தள்ளி நிற்கிறது. அவள் தைத்த உடையை வாங்கிப் போகிறவர்கள் அதை முகர்ந்து பார்த்தே எங்கள் வீட்டில் அன்று என்ன தாளித்தோம் என்று சொல்லிவிடுவார்கள். பின்னறையில் பெரிய ஜன்னல் இருக்கிறது; நல்ல வெளிச்சம் இருக்கிறது. ஆனால் அந்த அறையில் என் பொருள்களும் இருக்கின்றன. அதன் கதவு ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு மேல் திறப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அந்தப் பேச்சு வந்தது. நான் நாளிதழை மடக்கிவிட்டு எழுந்து நின்றேன். எழுந்து நின்று பேசினால்தான் எனக்குக் கருத்து வரும்.

"இதோ பாரு, கடைசித் தடவையா சொல்றேன். பீரோவை நகர்த்தணும்னா நடக்குற மெஷினை நகர்த்தணும். மெஷினை நகர்த்தணும்னா ஓடாத ஃப்ரிட்ஜை நகர்த்தணும். ஃப்ரிட்ஜை நகர்த்தணும்னா பீரோவை நகர்த்தணும். புரியுதா? இதுக்கு வழியே கிடையாது!"

"பதினோரு வருஷமா புரியுதுங்க."

"இருபத்திரண்டு வருஷ அனுபவத்துல சொல்றேன்!"

"அந்த மெஷினை ஏன் வாங்கினீங்க?"

"நடக்க."

"நாலு நாள் நடந்தீங்க. அஞ்சாம் நாள் அதுமேல துண்டு காயப் போட்டீங்க."

"அது இப்ப பேச்சில்ல!"

"சரி, விடுங்க" என்றாள்.

அன்பர்களே, மனைவி 'விடுங்க' என்று சொல்லும் நேரம்தான் கணவன் விழித்துக்கொள்ள வேண்டிய நேரம். நானோ வெற்றி பெற்றவனைப்போல உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் அவள் கைப்பேசியோடு வந்தாள். என் கொழுந்தியாள் கைப்பேசி விளையாட்டுகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறாள். வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விளையாடுகிற குடும்பம்.

"தங்கச்சி புதுசா ஒரு புதிர் கேம் செஞ்சிருக்கா. சின்னது, முப்பதே லெவல். அதுல போதுமான சவால் இருக்கா இல்லையான்னு யாராவது விளையாடிப் பாத்து எழுதிக் குடுக்கணுமாம்."

"முப்பதா? முப்பதுல என்ன சவால் இருக்கும்? பல் தேய்க்கிற நேரத்துல முடிஞ்சிடும்!"

"அதான் அவளும் பயப்படுறா. அதனால எதையுமே பாராட்டாத ஆளா ஒருத்தர் வேணும்ங்கிறா. எனக்கு உடனே உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டவன் நான். எனக்குள் கோபம் பொங்கியது. இக்காலத்தில் எல்லாம் குறுகிவிட்டன. கடிதம் குறுகியது, பொறுமை குறுகியது, இப்போது புதிரும் குறுகிவிட்டதா? உழைப்பில்லாமல் வெற்றியை ஊட்டிவிடும் இந்தப் பொம்மைகளுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டாமா?

"ஒரு கதை சொல்றேன் கேளு. ஒரு வழிப்போக்கன் ரெண்டு மலையைப் பாத்தான். ஒண்ணு வானத்தைத் தொடுது. இன்னொண்ணு தென்னைமர உயரம். சோம்பேறி அவன், சின்ன மலையில ஏறினான். உச்சிக்குப் போனதும் என்ன ஆச்சு?"

"இறங்கி வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பான். பெரிய மலையில ஏறினவனோட பொண்டாட்டி இன்னும் சோத்தை மூடி வச்சிட்டு உக்காந்திருப்பா."

"நீதி அது இல்ல!"

"கேமைப் பாருங்க."

பார்த்தேன். மேலிருந்து நோக்கினால் தெரிவதுபோல ஒரு கொட்டில்; அதற்கு ஒரு வாசல்; உள்ளே விலங்குகள். அவற்றை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தள்ளித் தள்ளி வெளியேற்ற வேண்டும். இருபத்தொன்பது நிலைகளை நாற்பது நிமிடத்தில் முடித்தேன். ஒவ்வொன்றும் முடிந்தபோது 'சீ' என்றேன். இருபத்தொன்பது முறை 'சீ' என்று சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

முப்பதாவது நிலை திறந்தது.

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு யானை. அதற்குப் பின்னால் நீட்டிப் படுத்த ஒட்டகம். இடப்பக்கம் ஒரு நீர்யானை. இடுக்குகளில் நான்கு ஆமைகள். வெளியே ஒரு சின்ன முயல். எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு முயலை உள்ளே கொண்டுபோய் ஜன்னலடியில் சேர்க்க வேண்டும்.

நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. அகந்தை ஏறிய கண்ணுக்கு யானையே தெரியாது; இதில் பீரோவா தெரியப் போகிறது?

"அது மட்டும் யாருக்கும் வரலியாம். அதுக்கு வழியே கிடையாதுன்னு அனுபவசாலி ஒருத்தரே சொல்லிட்டாராம். நீங்க விட்டுடுங்க" என்றாள்.

"எவன் அவன்? வழி இல்லாத புதிர் உலகத்துல உண்டா? கையாலாகாதவன் சொல்ற சாக்கு அது!"

"அப்படிங்கிறீங்க?"

"அப்படித்தான்!"

பதினொரு மணிக்கு யானையைத் தொட்டேன். அது அசையவில்லை. ஒட்டகத்தைத் தள்ளினேன்; நீர்யானை மறித்தது. நீர்யானையைத் தள்ளினேன், யானை மறித்தது. பன்னிரண்டு மணிக்கு எனக்கு வியர்த்தது. ஒரு மணிக்குச் சாப்பிட அழைத்தாள்.

"யானை நகரட்டும்" என்றேன்.

"அது நகராதுங்க. நீங்க வாங்க."

இரண்டு மணிக்கு வெறி பிடித்தது. "எந்த மடையன் இதையெல்லாம் இப்படிக் கொண்டுவந்து அடைச்சான்? யானையை யாராவது வாசல்ல நிறுத்துவானா? மூளைன்னு ஒண்ணு இருந்தா இப்படிச் செய்வானா?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "அப்படிப்பட்டவங்களும் இருக்காங்களே, என்ன செய்ய."

"அவனைக் கட்டிக்கிட்டவ பாவம்!"

"ஆமாங்க, ரொம்பப் பாவம்" என்றாள். குரல் சற்றே தழுதழுத்தது. சிரிப்பை அடக்கினால் குரல் அப்படித்தான் ஆகும் என்பதை அன்று நான் அறியவில்லை.

மூன்று மணிக்கு ஆத்திரத்தில் திரையைக் கட்டைவிரலால் இரண்டு முறை குத்தினேன். ஒட்டகம் காலை மடக்கி மண்டியிட்டது! நீண்டு கிடந்த ஒட்டகம் பாதியாகச் சுருங்கிவிட்டது! அப்படியானால் ஆமைகளை யானையின் ஓரமாக முதலில் வெளியே விடலாம். ஒட்டகத்தை மடக்கி மூலையில் நிறுத்தலாம். அந்த இடத்திற்கு யானையைப் பின்வாங்கச் செய்யலாம். நீர்யானை வெளியே. ஒட்டகம் வெளியே. யானையைத் திருப்பி நேராக வெளியே. முயல் உள்ளே!

பத்தொன்பது நகர்வுகள். முயல் ஜன்னலடியில் குதித்தது. நானும் குதித்தேன்.

"முடிஞ்சுது! இதெல்லாம் ஒரு சவாலா? இதோ எழுதித் தர்றேன்!"

சட்டைப் பையில் எப்போதும் ஒரு நகர்வுச் சீட்டுக் கட்டு இருக்கும். தொழில் பழக்கம். பத்தொன்பது நகர்வுகளையும் வரிசை எண் இட்டு எழுதினேன்.

"கடைசியில உங்க கருத்தையும் எழுதிடுங்க" என்றாள். "அந்த அடைச்ச மடையனைப் பத்தியும்."

எழுதினேன்: 'சவால் போதாது. வேலை மிக எளிது. இந்த இடத்தை இவ்வாறு அடைத்தவன் அறிவிலி. அவன் கையாலேயே காலி செய்யவைக்க வேண்டும்.' தேதி இட்டேன். நேரம் நான்கு பத்து. கையெழுத்தைச் சுழித்துப் போட்டுக் கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

அவள் சீட்டை வாங்கி மெல்ல ஊதி மை காயவைத்தாள். "வாங்க" என்று பின்னறைக்கு நடந்தாள். சீட்டைக் கதவில் ஒட்டினாள். கதவிடுக்கின் வழியே விரலை நீட்டினாள்.

"அதோ யானை."

இரும்பு பீரோ நின்றது.

"அது நீர்யானை."

ஓடாத குளிர்பெட்டி.

"நாலு ஆமை." பழைய நாளிதழ்க் கட்டுகள் நான்கு. "அது ஒட்டகம். அந்த மெஷின் மடங்கும்னு வாங்கின அன்னிக்கே சொன்னேன். நீங்க பெரிய மலையில ஏறிட்டு இருந்தீங்க."

நான் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். "முயல்?"

"அடுப்புகிட்ட நிக்குது."

"இது மோசடி! அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து..."

"நான் அளவெடுத்து அனுப்பினேன். அவ படம் போட்டா. வழி கண்டுபிடிச்சது நீங்கதாங்க. எங்க ரெண்டு பேருக்கும் அந்த வழி தெரியாது."

அதில்தான் அன்பர்களே, என் கோபம் திசை தெரியாமல் தவித்தது. மோசடி என்று கத்தினால், வழியைக் கண்டுபிடித்த பெருமை என் கையை விட்டுப் போகும். கண்டுபிடித்தது நான் என்று மார் தட்டினால், பதினோரு ஆண்டுகளாகத் தேடாதவனும் நான் என்று ஆகும்.

"சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்றேன்.

"வணக்கம் சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எங்கள் கிடங்கு மேஸ்திரி! என் மனைவிதான் வரச் சொல்லியிருக்கிறாள். வாசலில் பழைய சாமான் ஏற்றும் வண்டி நின்றது. அவர் கையோடு ஒரு நாற்காலியும் கொண்டுவந்திருந்தார். அதைப் போட்டு உட்கார்ந்தார். சீட்டை எழுத்து விடாமல் படித்தார்.

"கையெழுத்து ஆயிருக்கே சார்."

"அது... விளையாட்டுக்கு..."

"சுவத்துல வேற மாதிரி எழுதியிருக்கு சார்."

"சரி மேஸ்திரி, ஒரு கை குடுங்க. பீரோ கனம்."

"குடுத்திருப்பேன் சார். ஆனா சீட்டுல 'அவன் கையாலேயே'ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. சீட்டுக்கு மாறா நான் என்னிக்காவது நடந்திருக்கேனா? ஒண்ணு! முதல் ஆமை வெளியே!"

ஆமை ஒவ்வொன்றும் இருபது கிலோ. ஒட்டகத்தை மடக்கியபோது என் விரலும் சேர்ந்து மடங்கியது. யானை பின்வாங்கியபோது என் இடுப்பில் ஏதோ ஒன்று முன்வாங்கியது. மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் மேஸ்திரி முயற்சியின் மேன்மையைப் பற்றிப் பேசினார். என் சொற்கள், என் ஏற்ற இறக்கம், நான் விடும் இருமல்கூட இருந்தது. எல்லோரும் தூங்குகிறார்கள் என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். ஒருவர் மட்டும் விழித்திருந்து மனப்பாடம் செய்திருக்கிறார்.

ஆறு மணிக்குப் பத்தொன்பதாவது நகர்வு. தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலடியில் வைத்தேன். அவள் உட்கார்ந்தாள். மாலை வெயில் அவள் கையிலும் துணியிலும் விழுந்தது. அவள் தைக்கவில்லை, சக்கரத்தின் மீது கை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். பதினோரு ஆண்டுகள் அந்த வெயில் ஒரு பீரோவின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது என்று நினைத்தபோதுதான், காலையிலிருந்து நான் வசைபாடிய அந்த மடையன் மீது எனக்கு மெய்யான கோபம் வந்தது.

அன்றைக்கே அறிக்கையைத் திருத்தி எழுதினேன்: 'சவால் போதும். தாராளமாகப் போதும்.'

ஆகவே இதைப் படிக்கும் கணவர்மார்களே, உங்களை இறைஞ்சுகிறேன். புதிர் சிறியதா பெரியதா என்று வழக்காடாதீர்கள். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் யானை எது என்று உங்களுக்குத் தெரியும். நாளை என்பது சோம்பேறியின் பரண். எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடலாம், எதையும் இறக்க முடியாது. எழுந்திருங்கள்! இன்றே நகர்த்துங்கள்!

பரண் என்றதும் நினைவுக்கு வருகிறது. இன்று காலை முப்பத்தொன்றாவது நிலை வந்தது. உயரத்தில் ஒரு நீண்ட பலகை. அதில் ஒன்பது வௌவால்கள் தொங்குகின்றன. எங்கள் சமையலறைப் பரணில் என் அட்டைப் பெட்டிகள் சரியாக ஒன்பது. இம்முறை ஏமாறுவேனா? விளையாடவே மறுத்துவிட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு விளையாட்டு? ஒரு ஏணி இருந்தா ஒம்போது நிமிஷ வேலை!" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

கையெழுத்தும் போட்டுவிட்டேன். பழக்கதோஷம்.

மேஸ்திரி நாற்காலியோடு வந்துவிட்டார். உங்களில் யாரிடமாவது ஏணி இருந்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், இன்றே கொண்டுவாருங்கள்.