மருந்தடிக்காத மருந்தடிக்காரர்

திண்டுக்கல் மாவட்டத்திலேயே மருந்தடிக்காமல் பெயரெடுத்த ஒரே மருந்தடிக்காரர் ‘நாளைக்கு’தான். சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

வடமதுரைப் பக்கம் எனக்கு நாற்பத்திரண்டு மாமரங்கள். தை பிறந்து பூ விரிந்ததும் தத்துப்பூச்சி வந்து சாற்றை உறிஞ்சும். பூ கருகிக் கொட்டும். கூப்பிட்டால் ‘நாளைக்கு’ முதுகில் ஸ்பிரேயரோடு உடனே வந்துவிடுவார். என் சலவைத் துண்டைப் பிடுங்கிப் பூங்கொத்தின் கீழே விரித்துத் தட்டுவார். விழுந்த பூச்சிகளை நான் எண்ணுவேன். அவர் வானத்தைப் பார்ப்பார்.

“மூணு” என்பேன்.

“மூணுக்கா? மருந்துக்கே வெக்கமா இருக்கும் சார். வெயில் சுள்ளுனு அடிக்குது, தானா கொறஞ்சிரும். நாளைக்குப் பாப்போம்.”

ஒரே பருவத்தில் பதினொரு முறை வந்தார். ஒரு முறைகூட அடிக்கவில்லை. பூச்சிப் பிசினில் பாழான துண்டுகள் ஏழு. பக்கத்துத் தோப்பில் நான்கு முறை அடித்துவிட்டார்கள் என்றேன்.

“அடிச்சாக. பூச்சியோட தேனீயும் செத்துச்சு. காய் புடிக்க நீங்க பூப்பூவாப் பறப்பீகளா?”

எனக்குப் பறக்கும் வயதில்லை. வெயில், மூட்டம், பூச்சி என்று தினமும் நான் குறிக்கும் நோட்டில் அன்றைய எண்ணிக்கையை எழுதினேன்.

“பூச்சிக்கு ரேசன் கார்டா சார்?” என்று சிரித்தார்.

அந்த வருடம் மாசியில் மூட்டம் போட்டது. அவர் கண்ட மாசியெல்லாம் வெயில். வழக்கம்போல நாளைக்கு என்றார். நான்கே நாளில் பூச்சி பெருகித் தோப்பில் பூவெல்லாம் கருகியது. இன்னொரு வருடம் பார்க்கலாம், அப்புறம் வெட்டிப் பிளாட் போட்டுவிடுவோம் என்றான் என் மகன்.

அடுத்த மாசியிலும் மூட்டம். கூப்பிடாமலே வந்தார். வெகுநேரம் அண்ணாந்து நின்றார். அந்தச் சொல் வரவில்லை.

“சார், அந்த ரேசன் கார்ட எடுங்க. போன வருசம் எப்படி ஏறுச்சு?”

“முதல் நாள் நாலு. அடுத்து ஒன்பது. அப்புறம் இருபத்தொண்ணு.”

துண்டை விரித்துத் தட்டினார். எண்ணினேன். நாலு.

“வானத்த மட்டுமே நம்பி இனிமே இருக்க முடியாது சார். இன்னிக்கே அடிச்சிருவோம்.”

தேனீ அடங்கிய இரண்டு மாலைகளில் அத்தனை மரங்களையும் நனைத்தார். காய் பிடித்தது. பிளாட் பேச்சு நின்றது.

இப்போது முதுகு வலியோடு திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்தத் தையில் போன் செய்து பூச்சி மூன்று என்றேன்.

“வெயில் அடிக்குதா?”

“அடிக்குது.”

“அப்ப நாளைக்குப் பாப்போம் சார்.”

மறுநாள் துண்டை விரித்துத் தட்டினேன். ஒரு பூச்சிகூட விழவில்லை. நோட்டில் பூஜ்யம் போட்டேன். இன்னொரு ‘நாளைக்கு’ கேட்க ஆசைப்பட்டு, போனில் அவரிடம் மூன்று என்றேன்.