கடிகாரத்துக்கு ஆயுள் தண்டனை

“திருடி வேஷமா? நம்ம குடும்பத்துலயா?”

ஓய்வுபெற்ற நீதிபதி கைத்தடியை ஓங்கி ஊன்றினார். மகள் இசை நாடகத்தில் முதுகலை படிப்பதையே உறவினர்களிடம் ‘மேல்படிப்பு’ என்று மட்டும் சொல்லிச் சமாளித்து வருபவர் அவர். அவருடைய பரம்பரையில் குளியலறையில்கூட யாரும் பாடியதில்லை. இறுதித் தேர்வன்று காலையில் மகளே போன் போட்டு வேஷத்தைச் சொன்னதும், பல்கலைக்கழக அரங்கின் ஒப்பனை அறைக்கே வந்துவிட்டார். தடுத்தே தீருவது என்று.

“கைக்கடிகாரம் திருடுற ஏழைப் பொண்ணுப்பா. ஆனா உங்க இஷ்டப்படியே ஆயிடும் போல. ஜட்ஜா நடிக்கிறவனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. நான் பெயிலாகி வீட்டுக்கே வந்துடறேன்.”

நம் வீட்டுப் பெண் பெயிலா? அது இதைவிடப் பெரிய இழுக்கு.

“வேற ஆளே இல்லையா?”

“விளக்கு போடற அண்ணன் உட்கார்றேங்கிறார்.”

மேடையில் அந்த ஆள் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, கால்மேல் கால் போட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நீதிபதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“எழுந்திருய்யா. அது என்ன முடிதிருத்தற நாற்காலியா?”

அங்கியைக் கழற்றச் சொல்லித் தாமே போட்டுக்கொண்டார். “உட்காருவேன், அவ்வளவுதான். வாயைத் திறக்க மாட்டேன்.”

“போதும்ப்பா. தீர்ப்பை உள்ளேயிருந்து பாடிடுவாங்க.”

திரை விலகியது. முன்வரிசையில் தேர்வாளர்கள். மகள் உருகி உருகிப் பாடினாள். நீதிபதி கல்லாக அமர்ந்திருந்தார். உள்ளேயிருந்து தீர்ப்பு வந்தது: ஒரு கைக்கடிகாரத்துக்கு ஆயுள் தண்டனை.

“தப்பு,” என்றார் நீதிபதி, தம்மை மறந்து.

வாத்தியக்காரர்கள் அதே அடியை மறுபடி வாசித்தார்கள்.

“சாட்சி எங்கே?” என்று அதட்டினார்.

காவலர் வேஷக்காரர்கள் “சாட்சி எங்கே, சாட்சி எங்கே” என்று பாடிக்கொண்டே அவரைச் சுற்றிவந்தார்கள். அவர் பேசப் பேச, வாத்தியம் அதே அடியிலேயே நின்றது. தேர்வாளர் ஒருவர் பேனாவை மூடினார். மகள் கைவிலங்கோடு அப்பாவைப் பார்த்தாள்.

நீதிபதி எழுந்தார். “சாட்சி இல்லை, குற்றம் இல்லை, விடுதலை, விடுதலை” என்று அடிவயிற்றிலிருந்து பாடினார். வாத்தியம் குதித்துக்கொண்டு அடுத்த அடிக்கு ஓடியது. கைத்தடி தாளம் போட்டது. கால்கள் அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தவர், தொண்டை கட்டிய மாணவன் கூரை அதிர “பிரமாதம்” என்று கத்துவதைக் கண்டு நின்றார்.

“தொண்டை எப்படிப்பா அதுக்குள்ள சரியாச்சு?”

“என் தொண்டைக்கு என்னங்க? உங்க பொண்ணுக்கு இன்னைக்கு டைரக்‌ஷன் பரீட்சை. செத்தாலும் பாட மாட்டேங்கிற ஒருத்தரை மேடையேத்திப் பாட வைக்கணும், அதுதான் கேள்வி.”