கிறிஸ்டினாவின் லேப்டாப்

கேட்டது ஒரே மாற்றம், கேட்டது ஒரே ஏ.ஐ. ஏஜெண்டிடம். கிறிஸ்டினாவின் லேப்டாப்பில் அது சரியாக வந்தது. தணிகைவேலின் லேப்டாப்பிலோ ஆம்பூர் ஷூ ஃபேக்டரி வெள்ளிக்கிழமைகளில் காணாமல் போயிருந்தது.

தினமும் லாரியில் ஏறும் ஷூக்களின் ரிப்போர்ட்டில் சைஸுக்கென்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். கட்டம் சேர்ந்தது. கூடவே எல்லா வெள்ளிக்கிழமையும் பூஜ்யமாகிவிட்டது.

"உன்னுதுல இன்னா வந்துச்சு?" என்று எட்டிப் பார்த்தான் தணிகைவேல்.

"கட்டம் வந்துச்சு. வேற இன்னா வரணும்ணா?"

கிறிஸ்டினா புரோகிராம் எழுதுகிறவள் அல்ல. ஃபேக்டரிக்காரர்களின் போனை எடுத்துச் சமாதானம் சொல்வது அவள் வேலை. அவர்கள் கேட்கும் சில்லறை மாற்றங்களை ஏஜெண்டிடம் அவளே சொல்லி முடித்துக்கொள்வாள்.

சத்துவாச்சாரியில் ஒரு மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் இப்போது புரோகிராம் எழுதுவது ஏ.ஐ. ஏஜெண்ட்தான். கெட்டிக்கார ஏஜெண்ட். ஆனால் ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரி. நேற்று சொன்னது இன்று நினைவிருக்காது. அதனால் வேலையைத் தொடங்குமுன் அது படித்துக்கொள்ள ஒரு ஃபைல் வைப்பார்கள். இங்கே எது எப்படி நடக்கும், எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். அந்த ஃபைல் நல்லதா கெட்டதா என்று அளந்து சொல்வதுதான் தணிகைவேலின் உத்தியோகம்.

அளக்கும் விதம் எளிது. விடை தெரிந்த சில வேலைகளை ஏஜெண்டிடம் கொடுப்பான். எத்தனை தேறுகிறது என்று பார்ப்பான். ஃபைலைத் திருத்திவிட்டு அதே வேலைகளை மறுபடி கொடுப்பான். தேறுவது கூடினால் திருத்தம் நல்லது. குறைந்தால் கெட்டது.

சில வாரங்களாகக் குறைந்துகொண்டே வந்தது.

முதலாளி ஜெயசீலன் கத்துகிற மனிதர் இல்லை. பயமே அதுதான். வியாழக்கிழமை ஆம்பூரில் டெமோ, அது சொதப்பினால் இந்த ஆபீஸை மூடிவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட வேண்டியதுதான், அங்கே ஃபைல் பார்க்க ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று சாவகாசமாக டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். தணிகைவேல் மகளை அப்போதுதான் சத்துவாச்சாரிப் பள்ளியில் சேர்த்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மறைந்த காரணம் சுலபமாகக் கிடைத்தது. 'வெள்ளிக்கிழமை ஃபேக்டரிக்கு லீவு' என்று ஃபைலில் ஒரு வரி இருந்தது. லீவு நாளில் ஷூ எப்படிப் போகும் என்று ஏஜெண்டே முடிவுகட்டிவிட்டது. 'லீவு நாளிலும் லாரி போகும்' என்று சேர்த்தான். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. ஆனால் லாரியோடு தொழிலாளிகளும் வந்துவிட்டார்கள். வருகைப்பதிவில் அத்தனை பேரும் லீவு நாளில் வேலை செய்திருந்தார்கள்.

'சொல்லாததைத் தொடாதே' என்று எழுதினான். அன்றிலிருந்து ஏஜெண்ட் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. திறக்கலாமா, படிக்கலாமா, படித்ததை நினைவில் வைக்கலாமா? 'யாரையும் கேட்காதே, நீயே முடிவெடு' என்றான். இடது ஷூ ஒன்று, வலது ஷூ ஒன்று என்று அது முடிவெடுத்ததில் கிடங்கில் இருப்பு இரட்டிப்பானது. 'எந்தச் சோதனையும் தோற்கக் கூடாது' என்றான். தோற்ற சோதனைகளை ஏஜெண்ட் அழித்துவிட்டது. அதற்குமேல் எதுவும் தோற்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் கிறிஸ்டினாவின் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

ஃபைல் ஆபீஸ் முழுக்க ஒன்றுதானே, அப்படியென்றால் கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும் என்று தணிகைவேல் யோசித்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். அவள் பக்கத்து ஜன்னலைச் சாத்திப் பார்த்தான். கடைசியில் அவள் டைப் அடிப்பதைப் பின்னால் நின்று கவனித்தான். 'தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன்' என்று அடித்தாள்.

உடனே ஃபைலில் எல்லா விதிக்கும் முன்னால் 'தம்பி' சேர்த்தான். ஏஜெண்ட் நெகிழ்ந்துபோய், ரிப்போர்ட்டின் தலைப்பையே 'அண்ணா, இன்றைய ஷூ விவரம்' என்று மாற்றியது.

"தம்பின்னு எழுதிட்டா போதுமாண்ணா? உள்ள இருக்கறதெல்லாம் மாமியார் பேச்சா இருக்கு," என்றாள் கிறிஸ்டினா.

மிஞ்சியது அவள் லேப்டாப் மட்டும்தான். ராசியான மிஷின் என்று முடிவு செய்து, ஆம்பூருக்கு அதைக் கொண்டுபோகக் கேட்டான். லேப்டாப் வந்தால் தானும் வருவேன் என்றாள்.

ஜெயசீலன் முன்னாலேயே போய்விட்டார். பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது கிறிஸ்டினா யாரோ ஒரு ஃபேக்டரிக்காரரைப் போனில் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். தணிகைவேல் லேப்டாப்பை மடியில் திறந்து, முந்தின நாள் திருத்திய புத்தம்புது ஃபைலை எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே போட்டான். 'வாடிக்கையாளர் முன்னால் எந்தத் தப்பும் தெரியக் கூடாது' என்ற விதி அதில் புதியது.

ஃபேக்டரி மேனேஜர் இஷ்தியாக் அகமது அதிகம் பேசவில்லை. ரிஜக்ட் ஆன ஜோடிகளுக்குத் தனியாக ஒரு கட்டம் வேண்டும், தன் கண் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும் என்றார். ஏஜெண்ட் போட்டுக் காட்டியது. 'அண்ணா' என்று தொடங்கிய ரிப்போர்ட்டில் ரிஜக்ட் கட்டம் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம்.

மேனேஜர் திரும்பி, சுவரோரம் குவிந்து கிடந்த ரிஜக்ட் ஷூக்களைப் பார்த்தார். பிறகு தணிகைவேலைப் பார்த்தார்.

"தப்பு ஜாஸ்தியா கம்மியான்னு தெரியத்தான் தம்பி புரோகிராம் கேட்டேன். ஒண்ணுமே இல்ல பாய்னு சொல்றதுக்கு எங்கிட்ட சூப்பர்வைசருங்க இருக்காங்க."

வெளியே மதியத் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்கு கேட்டது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தொழுதுட்டு வர்றேன். அதுக்குள்ள சரியா வந்துச்சுன்னா பேசலாம். இல்லன்னா டீ சாப்ட்டு கிளம்புங்க."

ஜெயசீலன் கைக்குட்டையை எடுத்து, மெதுவாக நாலாக மடித்தார்.

தணிகைவேல் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். 'தப்பு இருந்தால் மறைக்காதே' என்று ஒரு விதி எழுதி ஓட்டினான். இப்போது ஃபேக்டரியில் தைத்த அத்தனை ஜோடியும் ரிஜக்ட். 'நல்லதை நல்லது என்று சொல்' என்றான். ஏஜெண்ட் நல்ல ஷூ என்றால் என்ன என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதியது. 'விளக்கம் வேண்டாம்' என்றான். ரிப்போர்ட் வெறுமையாக வந்தது. தொழுகை முடிந்து பக்கத்துப் பள்ளிவாசல் படியில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

"என் மிஷின்ல இன்னாண்ணா எழுதிட்டே இருக்கீங்க?" என்று குனிந்தாள் கிறிஸ்டினா.

"ஃபைல்லதான். இன்னும் ஒரே ஒரு விதி."

"இதுல எப்போ ஃபைல் வந்துச்சு?"

"பஸ்ல போட்டேன். பழைய ஃபைலுக்கு மேலயே இத போட்டுட்டேன், அவ்ளோதான்."

கிறிஸ்டினா நிமிர்ந்து ஜெயசீலனை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பழசுன்னு இதுல ஒண்ணும் இருந்திருக்காதேண்ணா, நீங்க குடுத்த ஃபைல நான் ஒருநாள்கூட போட்டதே இல்ல, இப்ப போட்டதைத் தூக்கிட்டு ஓட்டுங்க, சரியா வரும்."